ஞாயிற்றுக்கிழமை மழை

தெமோதரையில் ரயில் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. அரை மணி நேரம் கழித்து கார்டு பெட்டி பெட்டியாக வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். எல்லாரும் மேலேயிருந்து பைகளை இறக்க ஆரம்பித்தார்கள். எதிர் இருக்கைப் பெண்மணி என் முழிப்பைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "லைன்ல மரம் விழுந்திருக்காம். இனிமே பஸ்லதான் போகணுமாம்."

விடியற்காலையில் கொழும்பில் ஏறியவள் நான். பதுளை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இறங்கச் சொன்னால் அழுகை வருமா வராதா? எனக்கு வந்தது. வழியில் வாங்கித் தின்ற வடை வேறு வயிற்றில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. திருச்சி நினைப்பில் வடை என்று கை நீட்டிவிட்டேன். கடித்த பிறகுதான் நடுவில் ஒரு முழு இறால், மீசையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். பசியில் அதையும் தின்றேன்.

ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி, மழையில் பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸில் ஏற்கெனவே ஒரு ரயிலளவு கூட்டம் இருந்தது. கண்டக்டர் சிங்களத்தில் கத்தியதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போ, உள்ளே போ என்பது எல்லா மொழியிலும் ஒரே குரல்தான். ஒரு காலில் நின்றபடி பதுளை போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. முழங்கால் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. திருச்சிப் பக்கம் ஒரு கூட்டுக் கணினி மையத்தில் வேலை. அங்கே இருப்பது பெரிய கணினி, ஒரு மண்டபம் நிறைய. எந்த ஒரு கல்லூரியாலும் அதைத் தனியாக வைத்து மேய்க்க முடியாது என்பதால் பல பல்கலைக்கழகங்களும் அக்கம்பக்கத்து நாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் மருந்து ஆராய்வார், ஒருவர் கடல் நீரோட்டம், ஒருவர் பருவமழை. யாருக்கு எப்போது முறை என்று வரிசை போடுவதும், முறை தவறியவர்களிடம் திட்டு வாங்குவதும் என் பிழைப்பு. வந்து சேரும் தரவில் பிழை இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கும் நிரலையும் பல வருடங்களுக்கு முன் நான்தான் எழுதினேன். சல்லடை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த மழைக்காலத்தில் இலங்கையின் ஊவா மலைச்சரிவுகளில் எது இறங்கும், எது நிற்கும் என்று கணிக்கும் வேலை ஒன்று எங்கள் கணினியில் ஓடுகிறது. முடிவு ஒரு வரைபடமாக வரும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் மழை வலுக்குமுன் அங்குள்ளவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பசறை தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டம் பச்சையாக வந்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, இது எப்படிப் பச்சை என்று பதுளை மண்சரிவு அலுவலகத்திலிருந்து எழுதிக் கேட்டார்கள். அந்தத் தோட்டத்து மழை அளவுகள் நம்பத்தகாதவை, ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை என்று பதில் போனது. கையெழுத்து என்னுடையது. அவர்கள் விடவில்லை. மறுபடி எழுதினார்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று எங்கள் மையத்தில் என்னை அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் திருத்திய தரவு போய்ச் சேர வேண்டும். அன்று மாலையோடு இந்த வேலையின் முறை முடிகிறது. அடுத்த முறை மூன்று மாதம் கழித்து. அதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பெய்து ஓய்ந்து, இறங்க வேண்டிய மண் இறங்கிவிட்டிருக்கும்.

புதன்கிழமை காலை, விடுதியில் சுடுதண்ணீர் வரவில்லை. தேநீர் மட்டும் நன்றாக இருந்தது. ரொட்டியும் காரத் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பல் என் கண்ணிலிருந்து தண்ணீர் வரவழைத்து, தெமோதரையில் மிச்சமிருந்த அழுகையையும் தீர்த்தது.

அலுவலகத்தில் சிவபாலன் என்ற அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு மாற்றலாகி வந்து வருடங்களாகிவிட்டன. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மேசையில் என் கடிதம் இருந்தது.

"நம்பத்தகாதவை எண்டு எழுதியிருக்கிறியள். தோட்டத்தில மழை அளக்கிற அந்தப் பிள்ளை பன்னிரண்டு வருசமா அளந்து எழுதுது. இதை நான் அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது? இன்னும் சொல்லேல்லை."

"மழைமானி பழுதாக இருக்கலாம். மேலே மரக்கிளை வளர்ந்திருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உங்கட கடிதத்தைப் பாத்துப்போட்டு, இந்த மாசத்தோட அந்த மானியைக் கழட்டச் சொல்லி மேல இருந்து எழுதிப்போட்டினம். நீங்கள் ஒருக்கா கண்ணாலை பாருங்கோ."

கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் பால் கலக்காத பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பசறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து தோட்டத்துக்கு இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸுக்கு வைப்பர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கண்டக்டர் படியில் தொங்கி எட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பக்கத்தில் இருந்த பெண் மடியில் ஒரு சேவலை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். சேவலும் நானும் மட்டும் விழித்திருந்தோம். எங்கள் ஊரில் சாலை நேராகப் போகிறது என்பதை ஒரு பேறாக நான் அதுவரை நினைத்ததில்லை.

இறங்குமிடத்தில் குடையோடு நின்றார் செல்வராணி. மழை அளப்பவர் அவர்தான். நாற்பது வயதிருக்கும், தோட்ட அலுவலகத்தில் உதவியாளர்.

"வாங்க மிஸ். நல்லா நனஞ்சிட்டீங்களே. பஸ்ல எடம் கெடச்சிச்சா?"

திருச்சியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோல் இருந்தது. கடலைத் தாண்டி வந்து இந்தப் பேச்சைக் கேட்டதில் ஒரு நிமிடம் சோர்வே மறந்துவிட்டது. பிறகு நூற்றுச் சொச்சம் படிகளைக் காட்டினார். சோர்வு திரும்பி வந்தது.

தங்கியது அவர் வீட்டில்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், அதுதான் லயம். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, வீட்டில் மாமியாரும் இரண்டு பெண்பிள்ளைகளும். உட்காரக்கூட விடாமல் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். சமையற்கட்டுச் சுவரிலிருந்து பத்தடியில் சரிவு ஆரம்பிக்கிறது. அதில் குறுக்கே ஒரு வெடிப்பு. வெடிப்பின் இரு பக்கமும் தேயிலைக் குச்சி நட்டு வைத்திருந்தார்.

"ஆடியில நாலு வெரல் இருந்திச்சு. இப்ப பாருங்க." குனிந்து கையை விரித்து வைத்தார். சாணுக்கு மேல் இருந்தது. "தோட்டத் தொரைகிட்ட சொன்னோம், சங்கத் தலைவர்கிட்ட சொன்னோம். படத்துல பச்சன்னு வந்திருக்கு, ஒண்ணும் ஆகாதுங்குறாங்க. பச்சன்னு யாரு மிஸ் சொன்னது?"

"கணினி" என்றேன். பாதி உண்மை.

சாயங்காலம் பீலிக்குக் குளிக்கப் போனோம். மலைத்தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடம், லயத்துக்கே அது ஒன்றுதான். வாளிகளும் குடங்களும் வரிசையாக இருந்தன, ஆட்கள் மட்டும் தள்ளி நின்று கதை பேசினார்கள். என் வேலை என்னவென்று கேட்ட செல்வராணிக்குக் கணினி வரிசையை விளக்கினேன்.

"அட, எங்க பீலி மாதிரித்தான்" என்றார். "அப்ப அங்கயும் சண்ட வருமே?"

"தினமும்."

"இங்க ஒரு வழக்கம் இருக்கு மிஸ். சாவு வீடு, புள்ள பெத்த வீடுன்னா வரிசையில்ல. நேரா வந்து கேட்டு எடுத்துக்கலாம். ஆனா தலைவர்கிட்டயெல்லாம் போய்க் கேக்கக் கூடாது. யாரோட கொடம் தண்ணிக்கு அடியில இருக்கோ, அவங்ககிட்டதான் கேக்கணும். அவங்கதான் நகட்டணும். இன்ன வரைக்கும் யாரும் மாட்டேன்னதில்ல."

எங்கள் மையத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. வரிசை என்றால் வரிசைதான் என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! ஐஸ் தண்ணீரில் குளித்துவிட்டுப் பற்கள் தந்தியடிக்க வீடு திரும்பினோம்.

வியாழக்கிழமை வெள்ளனவே எழுப்பிவிட்டார். ஆறு மணிக்கு மேல் பெரட்டு. ஆட்களைக் கூட்டி, பெயர் வாசித்து, யார் எந்த மலைக்கு என்று வேலை பிரித்துவிடும் இடம் அது. பெரட்டு நடக்கும் மேட்டில்தான் மழைமானியும் இருக்கிறது. பெயர் வாசிப்பு முடிந்ததும் செல்வராணி மானிக்குப் போவார், பன்னிரண்டு வருடமாக அதுதான் முறை.

நான் பக்கத்தில் நின்று குற்றம் கண்டுபிடிக்கத் தயாராக இருந்தேன். மானி நேராக இருந்தது. மேலே கிளை இல்லை. புனல் அடைத்திருக்கவில்லை. உள்ளே இருந்த போத்தலை எடுத்து, அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் படித்தார். எங்கள் மையத்துப் பையன்களுக்குப் பாடம் எடுக்கலாம், அவ்வளவு சுத்தம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, அட்டைக்கடியும் வாங்கி, ஒரு தப்பும் இல்லை என்றால் நான் எதைத் திருத்துவது?

அலுவலகத்தில் பதிவேடுகளைக் கேட்டேன். பன்னிரண்டு வருடக் கொப்பிகள், பிரவுன் தாள் அட்டை போட்டு அடுக்கியிருந்தார். புரட்டினேன். ஏழு நாளைக்கு ஒருமுறை ஒரு சின்னக் கோடு. எண் இல்லை, வெறும் கோடு.

"இது என்னங்க?"

"ஞாயித்துக்கெழம மிஸ். பெரட்டு இல்லியே. பௌர்ணமிப் போயா லீவுக்கும் அப்பிடித்தான்."

"அப்ப ஞாயிறு மழையை யாரு அளப்பாங்க?"

"தண்ணி எங்க போயிரும்? போத்தல்லதான் இருக்கும். திங்கக்கெழம சேத்து அளந்துருவேன்." என்னைப் பார்த்து, கொஞ்சம் பயந்து, "தப்புங்களா?" என்றார்.

தப்பில்லை. ஒரு சொட்டுக்கூடத் தவறவிடவில்லை அவர். ஆனால் அந்தக் கோட்டைப் பதுளையில் கணினியில் ஏற்றியவர் பூச்சியம் என்று அடித்திருக்கிறார். படிவத்தில் கோடு போட இடமில்லை. ஞாயிறு பூச்சியம், திங்கள் இரண்டு நாள் மழை. நான் எழுதிய சல்லடையோ, முதல் நாள் சொட்டு மழையும் இல்லாமல் மறுநாள் திடீரென்று பேய் மழை என்றால் அது எழுதியவர் பிழை, தள்ளு என்று சொல்கிறது. அப்படி நிறையத் தள்ளினால் அந்த இடத்தையே ஒதுக்கு என்றும் சொல்கிறது. பெருமழை பெய்த திங்கட்கிழமைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் செல்வராணியையே தள்ளிவிட்டது.

குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அந்த வரியை எழுதிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. என்ன சாமர்த்தியம் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை.

"செல்வராணி, உங்க அளவ நம்ப முடியாதுன்னு ஒரு கடிதம் வந்திருக்கு. சிவபாலன் சார் உங்ககிட்ட சொல்லலை. அத எழுதினது நான்தான். அத வச்சு மானியக் கழட்டச் சொல்லிட்டாங்க. பச்சன்னு சொன்னதும் நான்தான்."

அவர் கொப்பியின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வேணும்னேவா எழுதியிருக்கப் போறீங்க?" என்றார் கடைசியில். "ஆனா மிஸ், ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

 வெட்கமாக இருந்தது.

திங்கள் எண்ணை இரண்டு நாளுக்குப் பிரிக்க வேண்டும். எந்த நாளுக்கு எவ்வளவு? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே, ஓரத்தில், பொடி எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார். "ஞாயிறு பகல் முழுக்க மழை. திங்கள் விடிய விட்டது." "ஞாயிறு வெயில். இரவுதான் மழை." "ஞாயிறு பீலி கலங்கி வந்தது." பன்னிரண்டு வருடமாக யாரும் படிக்காத வரிகள். அவர் வாசிக்க வாசிக்க நான் மடிக்கணினியில் ஏற்றினேன். மதியம் அலுவலகத்திலேயே சோறும் பருப்பும் கருவாடும். விரல்கள் மரத்துப்போகும்வரை அடித்தோம். தோட்டத்தில் சிக்னல் கிடையாது, கோயில் மேட்டில் மட்டும் ஒரு கோடு, இரண்டு கோடு வரும், பேச மட்டும்தான் அது போதும். ஆகவே எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை பதுளையிலிருந்து அனுப்புவதாக முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ் வரவில்லை. பாதையில் மண் விழுந்திருக்கிறது என்றார்கள். கொழுந்து லொறி ஒன்றில் சாக்குகளுக்கு நடுவே என்னை ஏற்றிவிட்டார் செல்வராணி. "மிஸ், எப்பிடியாவது அனுப்பிருங்க" என்றார்.  மண் விழுந்த இடத்தில் லொறி நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, சேற்றைத் தாண்டினேன். அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ கிடைத்தது. பசறையில் கரண்டு இல்லை, போன் சிக்னலும் போய்விட்டிருந்தது. பதுளைக்கு வந்து சிவபாலன் மேசை முன் விழுந்தபோது மணி ஒன்றாகப் போகிறது.

மையத்தில் பணியிலிருந்த முரளியைக் கூப்பிட்டேன்.

"மேடம், பன்னெண்டு தாண்டிடுச்சு. நீங்க போட்ட விதிதானே, தரவு வரலைன்னா முறை போயிடும். அடுத்த குழு உள்ள வந்தாச்சு. இயக்குநர்கிட்ட விண்ணப்பம் போடட்டுமா?"

இயக்குநர் விண்ணப்பத்தைக் குழுவுக்கு அனுப்புவார். குழு கூடப் பத்து நாளாகும். அந்த நடைமுறையையும் எழுதியது நான்தான். சேறு காய்ந்து காலில் இழுத்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அப்போதுதான் பீலி ஞாபகம் வந்தது.

"முரளி, இப்ப உள்ள யாரோட வேலை ஓடுது?"

கொச்சியிலிருந்து ஒரு பேராசிரியை. கடல் நீரோட்டமும் மத்தி மீன்களும். போன் எண்ணை வாங்கி நேரடியாக அவரையே கூப்பிட்டேன். யாரையும் இப்படிக் கூப்பிடக் கூடாது என்பதும் விதிதான். லயம், வெடிப்பு, ஞாயிற்றுக்கிழமை, என் கடிதம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.  பிறகு ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: "என் மீன்கள் ஓடிப்போகாது. நிறுத்திவிடுகிறேன். நாளை காலை திருப்பிக் கொடுங்கள்."

சிவபாலன் சாப்பிடப் போகாமல், கோப்பு முழுதும் போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே நின்றார். "போயிட்டுது" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

சனிக்கிழமை பதுளை ஸ்டேஷனில், இன்னும் வராத ரயிலுக்காகக் காத்திருந்தபோது முரளி படத்தை அனுப்பினான். பசறைக்கு அப்பால், பச்சைக்கு நடுவில், விரல் நகம் அளவுக்குச் சிவப்பு. சிவபாலனுக்கு அனுப்பிவிட்டுச் செல்வராணியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். காலையிலிருந்து கோயில் மேட்டிலேயே நின்றிருக்கிறார்.

"செவப்புங்களா?"

"சிவப்பு."

சந்தோஷப்படுவார் என்று ஏனோ நினைத்தேன். வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற செய்திக்கு யார் சந்தோஷப்படுவார்கள்? ஆனாலும் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"மானியக் கழட்ட மாட்டாங்கதானே?"

"மாட்டாங்க."

"அப்ப இனிமே ஞாயித்துக்கெழமயும் நான் போய்ப் பாக்குறேன் மிஸ். பெரட்டு இல்லாட்டி என்ன, நடந்து போனா ஆச்சு."

ஊருக்குத் திரும்பிச் சல்லடையைத் திருத்தினேன். விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது, எழுதிக் கொடுத்தேன். ஐப்பசி முடியுமுன் பன்னிரண்டு வீட்டாரையும் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று சிவபாலன் எழுதினார். மண்டபத்தில் இடம் போதவில்லை, கக்கூஸ் இரண்டுதான், ஒன்றும் விழாததற்கு எதற்கு எங்களைக் கிளப்பினாய் என்று செல்வராணியைத்தான் ஏசுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார். ஞாயிறு தவறாமல் செல்வராணியின் அளவு மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. திருச்சியில் நல்ல வெயில். எழுந்திருக்க மனமில்லாமல் படுத்திருந்தேன். ஏழு மணிக்குப் போனில் செய்தி.

"ஞாயிறு. நூத்திப் பதினெட்டு மில்லி.

லயத்து மேல மண்ணு எறங்கிருச்சு மிஸ். பன்னெண்டு வீடும் போச்சு. உள்ள யாரும் இல்ல."

எழுந்து உட்கார்ந்தேன். அடைமழையில், வீடு போன காலையில், மேடேறிப் போய் அளந்துவிட்டு, கோயில் மேட்டுக்கு வந்து இதை அனுப்பியிருக்கிறார். கடைசி மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு மடிக்கணினியைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே அந்த எண்ணை ஏற்றினேன்.